பெங்களூரு வீட்டில் வாத்து வளர்க்க நினைப்பவர்களுக்கு

வாத்துக்குஞ்சு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் காவிரித் தண்ணீர் வருகிறது, ஏப்ரல் மாதம் போர்வெல் தாங்குகிறதா, டேங்கருக்குப் போன் போடுகிற வீடா என்று பாருங்கள். புதிதாக வளர்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன இனம், என்ன தீனி, கூண்டுக்கு என்ன செலவாகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் சமாளித்துவிடலாம், வாத்து கோழியைவிடக் கெட்டியான உடம்புள்ள பறவை, சின்னச் சின்ன நோய்க்கெல்லாம் படுத்துவிடாது. திண்டாட்டம் எல்லாம் தண்ணீரில்தான். அதைக் கொண்டுவர வேண்டும், அழுக்கானதும் எங்காவது விட வேண்டும், ராத்திரி அவை படுக்கிற இடத்தில் அது சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாத்துக்குச் சிக்கனமாகவே தினம் இரண்டு மூன்று குடம் போகும். 2024 கோடையில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றி ஊரே பக்கெட் கணக்கில் வாழ்ந்தது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ஒரு கோடையிலும் இந்த இரண்டு குடத்தை உங்களால் ஒதுக்க முடியும் என்றால் மேலே படியுங்கள்.

அடுத்தது இடம். அபார்ட்மெண்ட் பால்கனியில் வேண்டாம், இதில் பேசவே ஒன்றுமில்லை. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் சுவரோடு சுவராகக் கட்டிய வீடு என்றால் பக்கவாட்டுச் சந்தில் கொஞ்சம் மண் தரை மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பின்னால் ஒரு தென்னையும் கொஞ்சம் மண்ணும் இன்னும் இருக்கும், அது போதும். மொட்டைமாடியிலும் சிலர் வளர்க்கிறார்கள், முடியாதது இல்லை, ஆனால் சொரசொரப்பான சிமெண்ட் தரையிலேயே நடந்தால் பாதத்தில் காய்ப்புக் காய்த்து, அது புண்ணாகிச் சீழ் வைக்கும், கோடை மத்தியானத்தில் தரை சுடும், மழைநீர்க் குழாயில் இறகு போய் அடைக்கும். மாடிதான் கதி என்றால் பாதி இடத்துக்காவது நிழல் போட்டு, கீழே பழைய ரப்பர் பாயோ தடிமனான வைக்கோல் படுக்கையோ விரித்துவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் ஓனரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். குஞ்சை வாங்கி வந்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அது பேச்சாக முடியாது.

ஊரில் வாத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரணிப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தீனிக்குப் பெரிய செலவே கிடையாது, வாத்து தானே மேய்ந்து வரும். அந்த வயலில் சிந்திய நெல் இருக்கிறது, நத்தை இருக்கிறது, புழு பூச்சி இருக்கிறது, கால் நனைய நாளெல்லாம் தண்ணீர் இருக்கிறது. உங்கள் சைட்டில் இதில் ஒன்றும் இல்லை. "எங்க பாட்டி வெறும் தவிடு வெச்சே வளர்த்தாங்க" என்று சொல்கிறவர்களின் பாட்டி வைத்தது தவிடுதான், மீதியை வாய்க்கால் கொடுத்தது. இங்கே அந்த மீதியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

எத்தனை, எந்த இனம்

ஒன்று மட்டும் வளர்க்காதீர்கள். வாத்து கூட்டத்தில் வாழ்கிற பறவை, தனியாக விட்டால் நாள் முழுக்கக் கத்தும், அல்லது உங்கள் காலையே சுற்றி வரும். அழகாகத்தான் இருக்கும், நீங்கள் ஆபீஸ் போன பிறகு அதன் பாடு என்ன என்று யோசியுங்கள். இரண்டு பெட்டை அல்லது மூன்று பெட்டை என்பது ஆரம்பிக்கச் சரியான அளவு. முட்டைக்கு ஆண் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் தேவை. ஒரு ஆணுக்கு நான்கு ஐந்து பெட்டையாவது இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடியாக விட்டால் ஆண் விடாமல் ஏறி ஏறிப் பெட்டையின் கழுத்து இறகு உதிர்ந்து புண்ணாகிவிடும். ஜோடி என்றால் அழகு என்று கடைக்காரர் அப்படித்தான் விற்பார், கேட்காதீர்கள்.

முட்டை வேண்டுமென்றால் காக்கி கேம்பல். நல்ல தீனி போட்டால் வருஷத்துக்கு 250க்கு மேல் முட்டை இடுகிற இனம், ஆனால் அடைகாக்காது. வெள்ளைப் பெக்கின் பெரிய உடம்பு, சாதுவான குணம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். கறிக்காக உருவாக்கிய இனம் என்பதால் சீக்கிரம் எடை கூடிக் கால் நோகும், தீனியை அளந்து வைக்க வேண்டும். நாட்டு வாத்தில் தமிழ்நாட்டின் சன்யாசி, கீரி வகைகளும் கேரளத்தின் சாரா, செம்பல்லி வகைகளும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், இங்கே கிடைப்பதுதான் கஷ்டம். முகத்தில் சிவப்பு மருமருவாக இருக்கும் மணிலா வாத்து தனி ரகம். அது மற்ற வாத்து போல 'குவாக்' என்று கத்தாது, சீறும், அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவுக்கு அதைவிட ஏற்றது கிடையாது. பறந்து காம்பவுண்டு தாண்டும் என்பது ஒன்றுதான் குறை, ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் தாண்டாது. முளைத்து வருகிற இறகின் தண்டில் ரத்தம் இருக்கும், அதை வெட்டிவிடக்கூடாது, முதல் தடவை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

சத்தம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தெருவே கேட்கிற மாதிரிக் கத்துவது பெட்டைதான். ஆணுக்குத் தொண்டை கட்டியவர் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்புதான் வரும். முட்டை வேண்டாம், வளர்க்கிற ஆசை மட்டும்தான் என்றால் பெட்டையே இல்லாமல் இரண்டு மூன்று ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் சண்டை இல்லாமல் இருக்கும்.

எங்கே வாங்குவது? ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ப்பு மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது, காக்கி கேம்பல், பெக்கின் வாத்துகளையும் அங்கே வளர்க்கிறார்கள். குஞ்சு எப்போது கிடைக்கும் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், கன்னடத்தில் 'பாத்துகோளி' என்றால் புரிந்துகொள்வார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் பறவைக் கடைகளிலும் கிடைக்கும், அங்கே மூக்கில் சளி ஒழுகுகிற, கண் ஒட்டிக்கொண்ட, நொண்டுகிற குஞ்சு ஒன்று அந்தக் கூண்டில் இருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் வாங்காதீர்கள், பாவம் பார்த்துக்கூட. ஹெப்பாள், மடிவாளா ஏரியில் நீந்துகிற புள்ளிமூக்கு வாத்து, சிறகி மாதிரிக் காட்டு வாத்துகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது விலைக்குக் கொண்டு வந்தாலும் தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் தடவை வளர்க்கிறவர் குஞ்சே வாங்க வேண்டாம். இரண்டரை மூன்று மாதத்துப் பறவையாக வாங்கினால் பல்பு, வெப்பம் என்ற தொல்லை இல்லை, அதற்குள் குரலும் பிரிந்திருக்கும் என்பதால் பெட்டை எது என்று கையில் தூக்கிக் கத்தவிட்டுப் பார்த்தே வாங்கலாம். குஞ்சாக வாங்கினால் ஆணா பெட்டையா என்பது சாதாரண ஆளுக்குத் தெரியாது, மூன்று வாங்கி மூன்றும் ஆணாக வளர்ந்த வீடுகள் உண்டு. ஆனாலும் குஞ்சுதான் வேண்டும் என்று குழந்தைகள் அழும், சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஒரு மாதம்

பெரிய அட்டைப்பெட்டி, அடியில் நெல் உமி, அதன் மேல் முதல் சில நாளைக்கு ஒரு பழைய துணி. செய்தித்தாளைத் தனியாக விரிக்காதீர்கள், நனைந்தால் வழுக்கும், வழுக்கினால் குஞ்சின் கால் அகண்டுபோய் அப்படியே நின்றுவிடும். முதல் வாரம் 32 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். கடையில் இப்போது எல்.இ.டி.தான் எடுத்துக் கொடுப்பார்கள், அது வெளிச்சம் தரும், சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள், அட்டையிலும் உமியிலும் படாத உயரத்தில், கயிறு அறுந்தாலும் விழாதபடி கம்பியால் கட்டி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்கீச்சென்றால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. ஏப்ரல் மாதம் மூன்று வாரத்தில் பல்பை அணைத்துவிடலாம், டிசம்பர் ஜனவரியில் இங்கே ராத்திரி 15 டிகிரிக்கு இறங்குகிறது, முதுகில் நிஜ இறகு மூடுகிற வரைக்கும் ராத்திரி பல்பு எரியட்டும்.

வாத்துக்குஞ்சுதானே, தண்ணீரில் விட்டால் நீந்தாதா என்று முதல் நாளே பக்கெட்டில் விடுகிறார்கள். நீந்தும். அப்புறம் நனைந்து நடுங்கிச் சாகும். தாயோடு வளர்கிற குஞ்சு நனைந்தால் தாயின் இறக்கைக்குள் போய்க் காய்ந்துகொள்ளும். நம் வீட்டுக் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை, அதன் மெல்லிய பூமயிர் சீக்கிரம் ஊறிவிடும். முதல் சில வாரம் குடிக்கத் தண்ணீர் மட்டும், அதுவும் உள்ளே ஏறி உட்கார முடியாதபடி கூழாங்கல் போட்ட சின்னக் கிண்ணத்தில். மூன்று நான்கு வாரம் ஆனபின் வெயில் நேரத்தில், வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து சில நிமிடம் விடலாம். உடனே துடைத்துக் காயவிடுங்கள்.

தீனி

குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் உள்ள கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர் தீனி, முதல் எட்டு வாரம். மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள், கோழிக்கான சில மருந்துகள் வாத்துக்கு ஆகாது. கோழித் தீனியில் ஒரு குறை உண்டு. வாத்துக்கு நியாசின் என்கிற பி வைட்டமின் கோழியைவிட அதிகம் வேண்டும், தீனியில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் அளவுக்கு. அது போதாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கால் வளையும், கணுக்கால் வீங்கும், நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் சரியாகும், விட்டுவிட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான். கால்நடை மருத்துவரிடம் கேட்டு பி காம்ப்ளக்ஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், ஈஸ்ட் தூளைத் தீனியில் கலப்பதும் வழக்கம்.

எட்டு வாரத்துக்கு மேல் குரோயர் தீனி, முட்டைப் பருவம் நெருங்கும்போது, அதாவது 17, 18 வாரத்தில், லேயர் தீனி. லேயரில் கால்சியம் அதிகம், அதைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும், ஒரே மூட்டையை எல்லா வயதுக்கும் போடுகிற வேலை வேண்டாம். வளர்ந்த வாத்து ஒன்றுக்கு நாளைக்கு 120லிருந்து 150 கிராம் வரைக்கும் தீனி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்தால் சிந்தாமல் தின்னும். இதற்கு மேல் பொடியாக நறுக்கிய கீரை, முட்டைக்கோஸ் வெளித்தழை, தர்பூசணித் தோல், கொஞ்சம் வேகவைத்த குருணை, உப்பில்லாத மீன் கழிவு, தோட்டத்து நத்தை எல்லாம் கொடுக்கலாம். ஒரு பழைய தொட்டியில் அசோலா என்கிற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்தால் தினம் ஒரு கை அள்ளிப் போடலாம். பிரெட், பிஸ்கட், பொரித்த பண்டம் வேண்டாம், வெண்ணெய்ப்பழம் எனப்படும் பட்டர் ஃப்ரூட் கண்டிப்பாக வேண்டாம், அது பறவைக்கு விஷம். மணலும் கிளிஞ்சல் தூளும் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

பூஞ்சை பிடித்த தீனியை மட்டும் 'வாத்துதானே, தின்னும்' என்று போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் கெட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வருகிற அஃப்ளாடாக்சின் நஞ்சை வாத்து மாதிரித் தாங்க முடியாத பறவை குறைவு. 1960இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது வாத்துக்குஞ்சுகளும் சேர்ந்து செத்தன. அப்புறம் ஆய்வுக்கூடங்களில் ஒரு தீனியில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்கே வாத்துக்குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் இங்கே மூட்டை சீக்கிரம் ஈரம் இழுக்கும். பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, மூடி இறுக்கமான டிரம்மில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கடலைப் பிண்ணாக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

தண்ணீர்

இப்போது அந்த இரண்டு மூன்று குடத்துக்கு வருவோம். வாத்துக்குக் குளம் கட்டத் தேவையில்லை. தலையை முழுக்க முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவ முடிகிற ஆழத்துக்கு ஒரு பாத்திரம் கட்டாயம், இல்லாவிட்டால் மூக்குத்துளை தீனியால் அடைத்துக்கொள்ளும், கண்ணில் புண் வரும். தீனி வைக்கும்போது பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும், உலர்ந்த தீனியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். துணி ஊறவைக்கிற 40 லிட்டர் டப் ஒன்று மூன்று வாத்துக்கு முறை வைத்துக் குளிக்கப் போதும், ஏறி இறங்க இரண்டு செங்கல் வையுங்கள்.

எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அரை மணி நேரத்தில் அது சேற்றுக் குட்டை ஆகிவிடும், அதற்குக் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, காலை வெயில் ஏறினதும் டப்பை நிரப்பி, சாயங்காலம் கவிழ்ப்பதுதான் சரிப்படும். ராத்திரி தண்ணீர் தேங்கி நின்றால் கொசு, பெங்களூரில் ஒவ்வொரு மழைக்காலமும் டெங்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் டப்பைத்தான் காட்டுவார். கவிழ்க்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போக வேண்டாம், அது முழுக்க எரு. டப்பை வாழை, கறிவேப்பிலை, கொய்யா இருக்கிற பக்கம் வைத்து, கீழே அடைப்பான் உள்ள டப்பாக வாங்கி, அதிலிருந்து ஒரு ஓஸ் துண்டைச் செடிக்கு இழுத்துவிட்டால் குடம் தூக்குகிற வேலையும் மிச்சம், செடிக்குத் தனியாகத் தண்ணீர் விடுகிற செலவும் மிச்சம். கீரைப் பாத்திக்கு மட்டும் அதை நேராக விடாதீர்கள், எச்சத்தில் கிருமி இருக்கும். டப் வைக்கிற இடத்தில் ஜல்லி கொட்டி வையுங்கள், மண் தரையாக விட்டால் ஒரே வாரத்தில் சேறாகிவிடும். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் டப்பை நிறுத்திவிட்டுத் தலை முக்குகிற பாத்திரத்தை மட்டும் விடாமல் வைத்தால் சில வாரம் தாங்கும். அரிசி கழுவின தண்ணீரை டப்பில் ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது. சோப்பு இறகின் எண்ணெயை எடுத்துவிடும், அப்புறம் வாத்து நனைந்து நடுங்கும்.

ராத்திரி

பகலில் எங்கே மேய்ந்தாலும் இருட்டினால் பூட்டிய கூண்டுக்குள் இருந்தாக வேண்டும். தெருநாய் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூனை, கீரி, குஞ்சுக்குக் காகமும் பருந்தும், எல்லாவற்றுக்கும் மேலே பெருச்சாளி. சுவருக்கு அடியில் குடைந்து வந்து காலைக் கடித்துவிட்டுப் போகும். ஆகவே கோழிவலை போதாது, அதை நாய் கிழித்துவிடும், வெல்டு மெஷ் என்கிற, பற்றவைத்த கெட்டியான கம்பி வலை போட்டு, அதையே ஒரு அடி மண்ணுக்குள் இறக்கிப் புதைத்துவிடுங்கள். வாத்துக்கு ஏறி உட்காரக் கொம்பு தேவையில்லை, தரையில்தான் படுக்கும். ஒரு வாத்துக்கு நான்கு சதுர அடி கணக்கு, மேல்பக்கம் காற்றுப் போக இடைவெளி, அடியில் மூன்று விரல் கனத்துக்கு உமி அல்லது வைக்கோல். நனைந்த இடத்தை அவ்வப்போது எடுத்துவிட்டு மேலே புதிது போடுங்கள். தண்ணீரையும் தீனியையும் கூண்டுக்குள் வைக்காவிட்டால் படுக்கை இரண்டு மடங்கு நாள் நனையாமல் தாங்கும், வளர்ந்த வாத்து ராத்திரி அது இல்லாமல் இருக்கும், ஆனால் காலையில் திறந்ததும் கையில் தண்ணீரோடு போங்கள். தீபாவளி மூன்று நாளும் சாயங்காலத்திலிருந்தே உள்ளே அடைத்துக் கூண்டின் மேல் சாக்குப் போடுங்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு மோதிக் காலை ஒடித்துக்கொள்ளும். வீடு கட்டுகிற வேலை பக்கத்தில் நடந்தால் ஆணி, கம்பித் துண்டு, ஸ்க்ரூ எல்லாம் பொறுக்கிவிடுங்கள், பளபளவென்று இருப்பதை எல்லாம் வாத்து விழுங்கும், வயிற்றில் அது நஞ்சாகும்.

தூக்கும்போது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கோழிக்கு மாதிரி வலுவான கால் அல்ல அது. இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். முடித்ததும் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான வாத்திலும் இருக்கும்.

முட்டை, நோய், மற்ற சங்கதிகள்

காக்கி கேம்பல் ஐந்து மாதத்தில் முட்டையிட ஆரம்பிக்கும், நாட்டு வாத்து இன்னும் கொஞ்சம் தாமதம். விடிகிற நேரத்தில்தான் பெரும்பாலும் இடும், காலை எட்டரை ஒன்பது வரைக்கும் கூண்டைத் திறக்காமல் இருந்தால் முட்டை உமியிலேயே கிடைக்கும், முன்னாலேயே திறந்துவிட்டால் செடிக்குள், டப்புக்குள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். முட்டை 65, 70 கிராம் இருக்கும், அரைவேக்காடாகச் சாப்பிடாமல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். வருஷத்தில் ஒருமுறை இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தும், நோய் என்று பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டார் முட்டை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் மாதம் ஒருமுறை நாலு முட்டை போய்ச் சேரட்டும், காலைச் சத்தத்தைப் பற்றிய பேச்சே வராது.

வாத்துப் பிளேக் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு, வந்தால் கூட்டத்தையே முடித்துவிடும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 8லிருந்து 12 வார வயதில் போடுவார்கள். குப்பி ஒன்றில் பல பறவைக்கான மருந்து வரும் என்பதால் மூன்று வாத்துக்குத் தனியாகப் போட யோசிப்பார்கள், வேறு வளர்ப்பவர்களோடு சேர்ந்து போனால் வேலை நடக்கும். நாய் பூனை பார்க்கிற கிளினிக் பலவற்றில் வாத்து என்றாலே கையை விரித்துவிடுவார்கள், அதனால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி, பறவை பார்க்கிற இடம் எது என்று நோய் வருவதற்கு முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தின்னாமல் தனியே ஒதுங்கி நிற்பது, பச்சை நிறத்தில் நீராகக் கழிவது, கழுத்து துவண்டு தொங்குவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பறவைக் காய்ச்சல் செய்தி வருகிற சமயத்தில் வெளிப்பறவை வந்து தீனியில் வாய் வைக்காதபடி கூண்டுக்குள்ளேயே வையுங்கள், வாத்து அந்த வைரஸை அறிகுறி காட்டாமலே சுமக்கக்கூடியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள், வாத்து 8, 10 வருஷம் வாழும், அத்தனை பொங்கலும் வரும். தீனி வைப்பதை யாரும் ஒத்துக்கொள்வார்கள், சாயங்காலம் எண்ணிப் பார்த்து அடைப்பதும் டப்பைக் கவிழ்ப்பதும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை, இரண்டு நாள் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்ய வையுங்கள். வளர்க்க முடியாமல் போனால் அல்சூர் ஏரியிலோ மடிவாளா ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். வீட்டில் தட்டில் தின்று வளர்ந்த வாத்துக்குத் தானே தேடித் தின்னவும் தெரியாது, நாயைப் பார்த்து ஓடவும் தெரியாது, அங்கிருக்கிற காட்டு வாத்துகளுக்கு நோயையும் கொண்டுபோகும். ஓசூர், ஆனேக்கல் பக்கம் நிலம் வைத்து வாத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பெட்டையாக இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், ஆண் என்றால் குழம்புக்குத்தான் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.